கடைசி வாரத்தின் உடலியல்

மருதானை ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இலங்கையின் மிகப் பெரிய வைத்தியசாலை இருக்கிறது. 1864இல் தொடங்கிய அதற்கு இன்றைய பெயர் தேசிய வைத்தியசாலை. கொழும்புத் தமிழர் வாயில் இன்றும் பெரியாஸ்பத்திரிதான். அதே ரயில் நிலையத்திலிருந்து களனிவெளிப் பாதையில் ஏறினால் மகரகமவில் இறங்கலாம். அங்கே புற்றுநோய்க்கான அபேக்ஷா வைத்தியசாலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் குடும்பங்களும், வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கிக் கிளினிக் போகிறவர்களும் இந்த இரண்டு இடங்களுக்கும் மாறி மாறி அலைவார்கள்.

அந்த அலைச்சலில் ஒரு நாள் வரும். வாட்டில் துண்டு வெட்டுவார்கள். "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்பார்கள். சில குடும்பங்கள் அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். வேறு சில, கைவிட்டுவிட்டார்கள் என்று உடைந்துபோகும். சொன்னவர் கருதியது இரண்டையும் அல்ல. நோயை எதிர்த்துச் செய்ய இனி எதுவும் இல்லை. நோயாளிக்குச் செய்ய நிறைய இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை விளக்க வாட்டில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

எந்த நோயாக இருந்தாலும் கடைசி நாட்களில் உடல் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வழியை அறியாத வீட்டில் ஒவ்வொரு அறிகுறியும் ஒரு பேராபத்தாகத் தெரியும். நள்ளிரவில் அம்புலன்ஸ் வரும். விடியும்போது நோயாளி அவசர சிகிச்சைப் பிரிவின் குழாய்களுக்கு நடுவே, வீட்டாரைக் காணாமல் கிடப்பார். அறிந்த வீட்டில் அதே அறிகுறிகள் அதே வரிசையில் வரும். ஆனால் பிள்ளைகள் கட்டிலருகே இருப்பார்கள். ஆகவே வீட்டார் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"இன்னும் எவ்வளவு நாள், டொக்டர்?"

இதற்குப் பதில் சொல்வதில் வைத்தியர்கள் தேர்ந்தவர்கள் அல்லர். நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் எலிசபெத் லாமொண்டும் 2000ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், 343 வைத்தியர்கள் 468 நோயாளிகளுக்குக் கொடுத்த கெடுவை உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்டார்கள். ஓரளவு சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். தவறியவர்களில் பெரும்பாலோர் ஆயுளைக் கூட்டியே சொன்னார்கள். சராசரியாக ஐந்து மடங்குக்கும் மேலே. நோயாளியை நீண்ட காலம் அறிந்த வைத்தியர் இன்னும் கூடுதலாகத் தவறினார். பாசம் கணக்கைக் குழப்பும் என்பது வைத்தியருக்கும் பொருந்தும்.

நாட்களை எண்ணிச் சொல்ல முடியாவிட்டாலும் போக்கைச் சொல்லலாம். புற்றுநோயாளி பல மாதங்கள் நடமாடிக்கொண்டிருந்து, கடைசி சில வாரங்களில் வேகமாகச் சரிவார். இருதயமோ நுரையீரலோ செயலிழந்தவரின் பாதை வேறு: ஒவ்வொரு தடவையும் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தேறி வருவார், வரும்போது முன்பிருந்த நிலைக்குக் கொஞ்சம் கீழே நிற்பார். "போன முறையும் இப்படித்தான், எழும்பி வந்திட்டார்தானே" என்று வீட்டார் நம்புவது இதனால்தான். மறதிநோயும் முதுமைத் தளர்ச்சியும் மூன்றாவது பாதை; ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும்.

தாதியர் கைக்கொள்ளும் ஒரு எளிய அளவு உண்டு. மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் மாதங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரங்கள். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிந்தால் நாட்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகனுக்கு எப்போது டிக்கெட் போடச் சொல்வது என்று யோசிப்பவர், வைத்தியரிடம் "எத்தனை நாள்?" என்று கேட்பதைவிட, "இவர் அடுத்த மாதம் இல்லாமல் போனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று கேட்பது பயன் தரும். அந்தக் கேள்விக்கு வைத்தியர் மனந்திறந்து பதில் சொல்வது எளிது.

"சாப்பிடுறாரில்லை, ஒரு சேலைன் ஏத்துங்கோவன்"

நம் வீடுகளில் அன்பைப் பரிமாறுவது சோற்றில்தான். ஆகவே கட்டிலில் கிடப்பவர் வாயை மூடிக்கொள்ளும்போது வீடு முழுவதும் பதறுகிறது. ஒருவர் சூப் வைப்பார், இன்னொருவர் ஹோர்லிக்ஸ் கரைப்பார், மூன்றாமவர் மூக்கைப் பிடித்தாவது ஊட்டப் பார்ப்பார். பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோமோ என்ற குற்றவுணர்வு பலருக்குச் செத்தவீடு முடிந்த பின்னும் போவதில்லை.

உடலுக்குள் நடப்பதைப் பாருங்கள். முற்றிய நோயில் நோயெதிர்ப்புக் கலங்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. காய்ச்சல் வந்தால் நமக்குச் சோறு கசப்பதற்கும் இவைதான் காரணம். மூளையின் பசி மையத்தை இவை அடக்குகின்றன, தசையைக் கரைக்கின்றன, உள்ளே போகும் சத்தைத் தசையாக மாற்றும் பாதையையும் கெடுக்கின்றன. அதனால் எவ்வளவு ஊட்டினாலும் உடம்பு தேறாது. குடல் அசைவதும் குறைந்துவிடுவதால், வற்புறுத்தி ஊட்டியது வாந்தியாகவோ வயிற்று வீக்கமாகவோ திரும்பி வரும். உணவு குறைந்த உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீற்றோன்கள் பசியை இன்னும் மழுங்கச் செய்கின்றன. பார்ப்பவருக்குப் பட்டினியாகத் தெரிவதை, படுத்திருப்பவர் பசியாக உணர்வது அரிது.

சேலைன் பற்றி நேரடியான பரிசோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டனில் எடுவார்டோ புரூவேராவின் குழு, இறுதிக்கட்டப் புற்றுநோயாளிகள் 129 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு நாளுக்கு ஒரு லீற்றர் சேலைன். மற்றவர்களுக்குப் பெயரளவில் 100 மில்லிலீற்றர். 2013இல் வெளியான முடிவு: களைப்பு, மயக்கம், மனக்குழப்பம் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, ஆயுளும் கூடவில்லை. சிறுநீரகம் ஓய்ந்துகொண்டிருக்கும் உடலில் ஏற்றிய நீர் போக வழியின்றிக் காலிலும் நுரையீரலிலும் தேங்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றோட்டத்தால் நீர் வற்றியவரின் கதை வேறு. அவருக்குச் சேலைன் மருந்து. எந்த நிலை என்று பிரித்தறிவது வைத்தியரின் வேலை.

இறுதிக்கட்டத்தில் இருப்பவருக்கு உண்மையில் இருப்பது வாய் வறட்சி. அதற்குப் போத்தல் தேவையில்லை. சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, ஆறிய நீரில் தோய்த்துப் பிழியுங்கள். கீழ்முரசின் வெளிப்பக்கம், உட்பக்கம், பிறகு மேல்முரசு, கன்னத்தின் உட்புறம், கடைசியாக நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள். அண்ணத்தில் ஒட்டிய காய்ந்த சளி முதல் தடவையில் வராது. நனைத்து விட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி துடைத்தால் கழன்று வரும். உதட்டுக்கு வஸ்லின் தடவுங்கள். ஒன்றிரண்டு மணிக்கொரு தடவை இதைச் செய்தால் தாகம் என்ற முறைப்பாடே பெரும்பாலும் இராது. சோறூட்ட முடியாத மகளுக்கு இது கைக்கு ஒரு வேலையும் ஆகும்.

கங்கை நீரோ, ஸம்ஸம் நீரோ, பாலோ கொடுக்க விரும்பும் வீடுகள் உண்டு. கொடுக்கலாம், உதட்டை நனைக்கும் அளவு போதும். விழுங்கும் அனிச்சை செயல் போன தொண்டையில் கரண்டியால் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

"சேடம் இழுக்குது, மூச்சுத் திணறுதோ?"

கட்டிலருகே இருப்பவரை மிகவும் அச்சுறுத்துவது மூச்சின் மாற்றங்கள். இரண்டு மாற்றங்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

முதலாவது, மூச்சு அலையலையாக வருவது. மெல்ல ஆரம்பித்து, ஆழமாகி, வேகமெடுத்து, பிறகு தணிந்து, ஒரேயடியாக நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி, சில நேரம் அதற்கும் மேலே. அவ்வளவுதான் என்று யாரோ அழத் தொடங்கும்போது மறுபடி மூச்சு வரும். டப்ளின் நகர வைத்தியர்கள் ஜோன் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் இதை விவரித்ததால் செய்ன்–ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். குருதியில் காபனீரொட்சைட்டு கூடினால் மூச்சை வேகப்படுத்துவதும் குறைந்தால் மெதுவாக்குவதும் மூளைத்தண்டின் வேலை. இருதயம் தளர்ந்து குருதியோட்டம் மந்தமாகும்போது, நுரையீரலின் நிலவரம் மூளைக்குப் பிந்தித்தான் போய்ச் சேருகிறது. பழைய காலத்து வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பில் குரல் பிந்தி வருவதால் இரு பக்கத்தாரும் ஒரே நேரம் பேசி, பிறகு ஒரே நேரம் மௌனமாகிவிடுவது போன்றது இது. செய்தி பிந்துவதால் மூளை மிகையாக மூச்சு வாங்க வைக்கிறது. பிறகு மிகையாக நிறுத்துகிறது. நோயாளி பொதுவாக அப்போது ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பார். அவர் மூச்சுக்குப் போராடவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும், நெற்றி சுருங்கியிராது.

இரண்டாவது, ஊரில் சேடம் இழுத்தல் என்பது. விழித்திருக்கும் நாம் உமிழ்நீரை நினைக்காமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த அனிச்சை போன பிறகு தொண்டையில் தேங்கும் கொஞ்ச உமிழ்நீருக்கு மேலாகக் காற்று போய்வரும்போது கறகறவென்று சத்தம் வரும். சத்தத்தின் அளவுக்கும் வேதனைக்கும் தொடர்பில்லை. தொண்டையைக் கூச்சப்படுத்தும் அளவுக்கு உணர்வு இருந்தால் அவர் இருமியிருப்பார். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டை கொடுத்தால் பாதிச் சத்தம் அடங்கும். சுரப்பைக் குறைக்கும் ஊசிமருந்தும் உண்டு. நெதர்லாந்தில் 157 பேரிடம் நடந்து 2021இல் வெளியான பரிசோதனையில், சத்தம் தொடங்குமுன்பே அதைக் கொடுத்ததால் சேடம் இழுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. குழாய் விட்டு உறிஞ்சுவது பெரும்பாலும் வீண் வாதை.

சுயநினைவோடு இருப்பவருக்கு உண்மையான மூச்சுமுட்டு வரும்போது செய்யக்கூடியது வேறு. பனையோலை விசிறியை எடுத்து மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரே வீசுங்கள். முகத்தின் உணர்ச்சி நரம்பு அந்தக் காற்றை மூளைக்குச் சொல்ல, மூச்சு போதவில்லை என்ற தவிப்பு தணிகிறது. மின்கலத்தில் ஓடும் சிறிய கைவிசிறியாக இருந்தாலும் சரிதான்; காலில் வீசினால் கிடைக்காத ஆறுதல் முகத்தில் வீசும்போது கிடைப்பதைப் பரிசோதனையிலும் கண்டிருக்கிறார்கள். யன்னலைத் திறப்பதும், கட்டிலைச் சுற்றி நிற்கும் பத்துப் பேரை விறாந்தைக்கு அனுப்புவதும் அதே வைத்தியத்தின் பகுதி.

கைகால் குளிர்வதும், முழங்காலிலும் பாதத்திலும் ஊதா நிறக் கோலங்கள் தோன்றுவதும் இதற்கடுத்தவை. இருக்கிற குருதியை உடல் மூளைக்கும் இருதயத்துக்கும் ஒதுக்கிக்கொள்வதன் அடையாளம் அது. மெல்லிய போர்வை போதும். சுடுதண்ணீர்ப் போத்தல் வேண்டாம், உணர்வற்ற தோல் வெந்துபோகும்.

"மோர்பின் குடுத்தால் சீக்கிரம் போயிடுவாரோ?"

இந்தப் பயம் வீட்டாரிடம் மட்டுமல்ல, வாட்டுகளிலும் இருக்கிறது. அதைத் தகர்த்தவர்களில் முதன்மையானவர் சிசிலி சோண்டர்ஸ். தாதியாகவும் சமூக சேவையாளராகவும் இருந்து, பிறகு வைத்தியராகப் படித்தவர். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தை (ஹொஸ்பிஸ்) தொடங்கினார். நோவு வந்த பிறகு கெஞ்சவைத்துக் கொடுப்பதை மாற்றி, நோவு திரும்புமுன் மணிக்கணக்குப்படி வாய்வழி மோர்பின் கொடுக்கும் முறையை அங்கே நிலைநாட்டினார். உடல்நோவு, மனத்துயர், குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு நான்கும் பின்னிப்பிணைந்தவை என்பதையும் அவரே முழுநோவு என்ற கருத்தாக வகுத்தார். மகளின் கலியாணம் என்ன ஆகும் என்ற கவலை தீராதவருக்கு மோர்பின் அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் நோவு அடங்காது என்பது இதன் நடைமுறைப் பொருள்.

மோர்பினின் அளவை நோவுக்கேற்பச் சிறுகச் சிறுக ஏற்றினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், போய்விடும். போகாத பக்கவிளைவு மலச்சிக்கல். அதனால் மோர்பின் எழுதும் கை பேதி மருந்தையும் சேர்த்தெழுத வேண்டும். கடைசி ஊசிக்குச் சற்றுப் பிறகு ஒருவர் இறந்தால், அந்த ஊசிதான் கொன்றது என்று மனம் முடிச்சுப் போடும். மணிக்கணக்குப்படி மருந்து பெறுகிறவர் எந்நேரம் இறந்தாலும் அதற்கு முன் ஒரு வேளை மருந்து இருந்தே தீரும்.

உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகளாக வகுத்த நோவுதணிப்பு முறையில் மேல்படியில் நிற்பது மோர்பின். விலை குறைந்த பழைய மருந்து அது. ஆனால் 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு கணக்கிட்டபோது, உலகெங்கும் விநியோகமான 298.5 தொன் அபின்வகை மருந்தில் வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 தொன். நோவையும் அவதியையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கே அது கிட்டுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முன்கூட்டியே தொடங்கினால் இந்தப் பராமரிப்பு ஆயுளைக் கூட்டவும் கூடும். ஜெனிஃபர் டெமல் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில், சிகிச்சையின் தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். முன்னவர்களுக்குக் கடைசிக்கால வன்சிகிச்சைகளும் குறைவு.

"செத்துப்போன அம்மாவோடை கதைக்கிறார்"

இறுதி வாரங்களில் பலர் இல்லாதவர்களைக் காண்கிறார்கள். "பஸ் வந்திட்டுதோ?" "என்ரை சூட்கேஸ் எங்கை?" என்று கேட்கிறார்கள். சொந்த வீட்டுக் கட்டிலில் கிடந்தபடி "வீட்டை போவம்" என்கிறார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரில் கிறிஸ்டோபர் கெர்ரின் குழு 59 நோயாளிகளிடம் நாள்தோறும் கேட்டுப் பதிந்து 2014இல் வெளியிட்டது: பத்தில் ஒன்பது பேருக்கு இத்தகைய கனவோ காட்சியோ குறைந்தது ஒரு தடவை வந்திருந்தது. இறப்பு நெருங்க நெருங்க, இறந்துபோன உறவினர் தோன்றுவது கூடியது. ஆகக்கூடிய ஆறுதல் தந்தவையும் அந்தக் காட்சிகளே. "அப்பிடி ஒருத்தரும் இல்லை" என்று மறுத்துப் பேச வேண்டிய தேவையே இல்லை. "அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்கலாம்.

பயந்து நடுங்கி, உடுப்பைப் பிய்த்து, கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பவரின் நிலை வேறு. அது மருந்து கொடுத்துத் தணிக்க வேண்டிய மனக்குழப்பம். முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருந்தாலும், பல நாளாக மலம் போகாதிருந்தாலும், வாயால் சொல்ல முடியாதவர் இப்படித்தான் சொல்வார்.

எல்லாம் அடங்கி, கூப்பிட்டால் கண் திறக்காத கட்டத்திலும் காது வேலை செய்யக்கூடும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் பிளண்டனும் சகாக்களும், வான்கூவரில் ஒரு நல்வாழ்வகத்தில் இருந்த நோயாளிகளின் தலையில் மின்வாய்கள் பொருத்தி, சீராக ஒலிக்கும் ஓசைக்கிடையே மாற்று ஓசைகளை நுழைத்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, இறப்பதற்குச் சில மணி நேரமே இருந்த, அசைவற்ற சிலரின் மூளையும் அந்த மாற்றத்துக்கு இளம் வயதினரின் மூளையைப் போலவே பதில் தந்தது. பேச்சை விளங்கிக்கொண்டார்களா என்பதை இந்தச் சோதனை காட்டாது. ஓசை உள்ளே போய்ச் சேர்கிறது என்று காட்டுகிறது. ஆகவே சிவபுராணம் படிப்பதற்கும், யாசீன் ஓதுவதற்கும், செபமாலை சொல்வதற்கும், பிரித் ஓதுவதற்கும் அர்த்தம் உண்டு. சூரிச்சிலிருந்து பேசும் மகளின் குரலைக் காதோரம் வைப்பதற்கும் உண்டு. நகைப்பங்கு பற்றிய வாக்குவாதத்தை விறாந்தையில் வைத்துக்கொள்வதற்கும் இதே ஆய்வு போதிய காரணம்.

"அவருக்குச் சொல்லாதீங்கோ"

கிளினிக் அறைக்குள் நோயாளி வருமுன் ஒரு மகன் உள்ளே ஓடிவந்து வைத்தியரிடம் சொல்லும் வசனம் இது. அப்பா தாங்கமாட்டார் என்ற அன்பில் சொல்கிறார். அப்பாவோ, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று தனக்குத் தெரிந்ததை மறைத்துக்கொண்டிருப்பார். மகரகமவுக்கு மாதம் இருமுறை போய்வருகிறவருக்குத் தன் நோய் என்னவென்று விளங்காமல் இராது. இரு தரப்பும் நடிக்க, காணி உறுதி, வங்கிக் கணக்கு, கோபித்துக்கொண்டு போன தம்பி எல்லாம் பேசப்படாமலே முடிந்துவிடும்.

முழு உண்மையையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "உங்கடை வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுகொள்ள விரும்புறீங்கள்?" என்று கேட்டு, அவர் காட்டும் தூரம் வரை போவதே நோய்த்தணிப்பு வைத்தியர்கள் பயிலும் முறை. மனநல வைத்தியர் எலிசபெத் குப்ளர்-ரோஸ் 1969இல் எழுதிய மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளையும் பலர் வகுப்பேற்றம் போல நினைக்கிறார்கள். அந்த வரிசையில் மனிதர்கள் போவதாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. காலையில் "எல்லாம் முடிஞ்சுது" என்றவர் மாலையில் அடுத்த வருடத் தைப்பொங்கலுக்குத் திட்டம் போடலாம். இரண்டு நேரமும் வீட்டார் அவரோடு கூடவே இருக்கலாம்.

நேரத்துக்கு வந்து சேர முடியாத பிள்ளைகளுக்காக ஒரு செய்தி. ஜப்பானில் புற்றுநோயால் உறவினரை இழந்தவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு, உயிர் பிரியும் கணத்தில் அருகில் இருந்ததா என்பதைத் தனியாகவும், முன்பே மனம்விட்டுப் பேசிப் பிரியாவிடை சொன்னதா என்பதைத் தனியாகவும் பார்த்தது. பின்னாளின் மனச்சோர்வோடும் தீராத் துயரோடும் தொடர்புபட்டிருந்தது இரண்டாவதுதான். விமான டிக்கெட் கிடைக்காதவர் வட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டியதை இன்றைக்கே சொல்லலாம். செயற்கைச் சுவாசத்தை மகன் வந்திறங்கும் வரை இழுத்துப்பிடிக்கச் சொல்வதால், அவன் பேச நினைத்தவர் விழித்துக்கொள்ளப் போவதில்லை.

வீட்டிலே போனால்

கொழும்பில் வீட்டில் வைத்துப் பார்க்கத் துணிந்தவர்களும் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு ஒரு காரணம், பொலிஸ், மரண விசாரணை, பிரேதப் பரிசோதனை என்ற பயம். திடீர் மரணங்களுக்கும் காரணம் தெரியாத மரணங்களுக்கும் உரியது அந்த விசாரணை. தீராத நோய் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்தி, வீட்டுக்கு வந்து பார்க்கும் வைத்தியர் ஒருவரை முன்பே ஒழுங்கு செய்திருந்தால், மரணத்துக்கான காரணத்தை எழுத அவருக்கு வழி இருக்கும். இரவு இரண்டு மணிக்கு யாருக்கு அழைப்பது என்ற எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். எந்த மருந்து நோவுக்கு, எது மூச்சுமுட்டுக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இறுதிக் கடமைகள் மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் அண்மையில்தான் கண்டது. 2020 வசந்தத்திலிருந்து 2021 பெப்ரவரி வரை, கொவிட்டால் இறந்த எவரையும் எரித்தே ஆக வேண்டும் என்ற விதி இருந்தது. மருதானைத் தெருக்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜனாஸா அடக்கம் மறுக்கப்பட்டது. பொரளைக் கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைக் காட்டினார்கள். குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் வாய்க்கரிசி போடுவதும் இருப்பவர்களின் மனத்துக்கும் தேவையான காரியங்கள்.

யார் சொல்லிக் கொடுப்பது?

கேரளத்தில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்களும் நோவுதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வைத்தியர் எண்ணிக்கையை நம்பியிருந்தால் அது ஒரு கட்டடத்தோடு நின்றிருக்கும். அவர்கள் ஆசிரியர், ஓட்டோ ஓட்டுநர், இல்லத்தரசி என்று அயலவரைப் பயிற்றுவித்தார்கள். வாய் துடைப்பதும், புரட்டிப் படுக்கவைப்பதும், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் தெரிந்த ஆட்கள் தெருவுக்குத் தெரு உருவானார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாக ஏற்றது. இலங்கையில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன நல்வாழ்வகம் மகரகமவில் இயங்குகிறது. சுகாதார அமைச்சும் 2019–2023 காலத்துக்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கான தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. இலவச மருத்துவமும், ஊருக்கு ஊர் குடும்பநலத் தாதியும் உள்ள நாட்டில் அயலவரைப் பயிற்றுவிப்பது இயலாத காரியம் அல்ல.

கொழும்பில் இன்னொரு தடையும் உண்டு. வாட்டில் சொல்லப்படுவது பெரும்பாலும் சிங்களத்தில். மருந்துக் குறிப்பு ஆங்கிலத்தில். கேட்டுக்கொண்டு நிற்பவர் தமிழில் மட்டும் அழத் தெரிந்த ஒரு அம்மா. பக்கத்துக் கட்டில்காரரோ துப்புரவுத் தொழிலாளியோ பாதியை மொழிபெயர்த்துச் சொல்வார். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழை அரசகரும மொழியாக்கியது. படிவங்களில் அது ஓரளவு நடைமுறையில் இருக்கிறது. "இனி அவர் சாப்பிடமாட்டார், அதற்குப் பயப்படாதீங்கோ" என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லும் இடத்தில் இல்லை. இறுதிக்காலப் பராமரிப்பில் பாதி விளக்கம்தான் என்றால், விளங்கும் மொழியில் சொல்லாத விளக்கம் கொடுக்கப்படாத மருந்துக்குச் சமம். இங்கே சொன்னவற்றில் மிக அவசியமானவை ஒரு தாளின் இரு பக்கத்தில் அடங்கும். சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்து மோர்பின் சீட்டோடு சேர்த்துக் கொடுக்க, புதிய கட்டடமோ புதிய சட்டமோ எதுவும் வேண்டியதில்லை.